பிராவிடன்ஸில் நள்ளிரவுப் பசி: எந்த டைனருக்குப் போவது?

டைனர் எனப்படும் எளிய அமெரிக்கச் சிற்றுணவகத்தின் பழைய அழகை மட்டும் தேடிப் போவதென்றால், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரை ஒட்டிய பாடக்கெட்டில் உள்ள மாடர்ன் டைனருக்கு ஈடில்லை. ரயில் எஞ்சினைப் போல முன்புறம் சரிந்த முகப்புடைய இது, தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் 1978இல் இடம்பெற்ற முதல் டைனர். ஆனால் மதிய உணவு முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். நள்ளிரவில் போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

இரவுக்கு மிஞ்சுபவை ஹேவன் பிரதர்ஸும் ஒலனிவில் நியூயார்க் சிஸ்டமும். 1872இல் இதே நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், உணவகங்கள் அடைத்த பிறகு பத்திரிகை அலுவலக வாசலில் குதிரை வண்டியை நிறுத்தி, இரவுப் பணியாளர்களுக்கு அவித்த முட்டையும் சாண்ட்விச்சும் விற்றதிலிருந்துதான் டைனரின் வரலாறு தொடங்குகிறது. 1888இல் பிறந்த ஹேவன் பிரதர்ஸ் அந்த வழக்கத்தை இன்னும் விடவில்லை. குதிரைக்குப் பதில் லாரி வந்துவிட்டதே தவிர, மாலையில் நகர மன்றக் கட்டடத்தின் ஓரம் வந்து நிற்பதும், இரவு வியாபாரம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்வதும் மாறவில்லை. படியேறி உள்ளே நுழைந்தால் தோளோடு தோள் உரசத்தான் நிற்க முடியும். இருக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பர்கரை வாங்கிக்கொண்டு நகர மன்றப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவதே வசதி.

ஒலனிவில் கடை அப்படியன்று. நான்கு சுவரும் கூரையும் உட்கார மேசையும் உண்டு. இங்கே விலைபோவது வீனர் என்னும் சிறு தொத்திறைச்சி. பெயரில் நியூயார்க் இருந்தாலும் பண்டம் ரோட் ஐலண்டுக்கே உரியது. ‘ஆல் தி வே’ என்று சொன்னால் கடுகுக் குழம்பு, மசாலா இறைச்சிக் கலவை, நறுக்கிய வெங்காயம், செலரி உப்பு ஆகிய நான்கும் சேரும். ரொட்டிகளை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக அடுக்கி, மறு கையால் மளமளவென்று நிரப்புவது இவ்வகைக் கடைகளின் பழைய வித்தை. கூடவே காபி மில்க் வாங்க வேண்டும். குளிர்ந்த பாலில் காபிப் பாகு கலந்த இந்தப் பானம் 1993 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வ பானம்.

சுவைக்கு ஒலனிவில்தான் என் தேர்வு. ஆனால் ஊருக்குப் புதியவரை ஓர் இரவு மட்டும் அழைத்துப் போவதானால், மழை இல்லாதவரை ஹேவன் பிரதர்ஸுக்கே போவேன். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி உண்ணாதவர் உடன் வந்தாலும் அதுவே உசிதம். அங்கே சீஸ் சாண்ட்விச்சாவது கிடைக்கும், ஒலனிவில்லிலோ பெயர்பெற்ற பண்டமே இறைச்சிதான்.