சேலத்தில் விற்கும் ஃப்ரூட் டவ் செட்: கூண்டு தேறும், தீவனம் தேறாது

சேலத்தில் ஒரு பறவைக் கடையில் சூப்பர்ப் ஃப்ரூட் டவ் என்ற பழந்தின்னிப் புறா ஜோடியோடு கூண்டு, தீவனப் பொட்டலம், முட்டையிட மண்பானை எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறார்கள். கடை சுத்தம், பறவைகளும் துறுதுறுப்பு. கோளாறு கூட வரும் சாமான்களில்தான்.

பொட்டலத்தைப் பிரித்தால் தினை, கம்பு, உடைத்த சோளம். மாடப்புறாவுக்கு அருமையான தீனி. சுலவேசி, நியூ கினி, சாலமன் தீவுகளில் மரக்கிளையிலேயே பழம் தின்று வாழும் இந்தப் பறவைக்கு ஆகவே ஆகாது. பழத்தை முழுசாக விழுங்கிச் சதையை மட்டும் செரித்துக்கொள்ளும். கொட்டை எச்சத்தில் அப்படியே வந்துவிடும். தானியத்தை அரைக்கும் வலு அதன் இரைப்பைக்குக் கிடையாது. தினையை நம்பி விட்டால் தட்டு நிறைய இரை இருக்கும், பறவையோ நெஞ்செலும்பு துருத்த மெலியும்.

கொத்திக் கடித்தும் தின்னாது. அதனால் பப்பாளி, மாம்பழத்தை 1 செ.மீ.க்கு மேல் போகாமல் நறுக்கி, இரும்புச்சத்து குறைந்த சாஃப்ட்பில் பெல்லட்டை (பழம் தின்னும் பறவைகளுக்கான குருணைத் தீவனம்) ஊறவைத்துக் கலக்க வேண்டும். ஆலம்பழம், அரசம்பழம் கிடைத்தால் கழுவிப் போடலாம், காசே வேண்டாம். ஆரஞ்சு, சாத்துக்குடி கூடாது: வைட்டமின் சி இரும்பை அதிகம் உறிஞ்ச வைக்கும், அது ஈரலில் சேரும். ஏற்காட்டிலிருந்து ஆசையாக வாங்கிவரும் பட்டர் ஃப்ரூட் பறவைகளுக்கு விஷம். சேலத்து வெயிலில் நறுக்கிய பழம் மதியத்துக்குள் புளிக்கும். காலை, மாலை இருவேளையாகப் பிரித்து வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள்.

கூண்டு 4 அடி நீளம், வெல்டிங் நேர்த்தி. ஆனால் தீனிக் கிண்ணம் தரையோடு இருக்கிறது. கீழே இறங்கத் தயங்கும் பறவைக்கு அது மேல் கம்பின் பக்கத்தில் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. கம்பி வலையில் ஒட்டியிருக்கும் துத்தநாகத் தூள் நஞ்சு. வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவைத்த பிறகே பறவையை விடலாம். ராத்திரி மிரண்டால் நெட்டுக்குத்தாக மேலே பாய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். கூரைக்கு உள்பக்கம் ஷேடு நெட் கட்டினால் தப்பும். எச்சம் தண்ணியாகப் போகும், காகிதத்தைத் தினமும் மாற்றணும். ஏற்காட்டில் வைப்பவர்கள் மார்கழிக் குளிருக்கு மூன்று பக்கமும் மூடிவிட வேண்டும்.

மண்பானை வீண். நாலு சுள்ளியை அடுக்கி ஒரே ஒரு முட்டை இடும் பறவை இது. சுமார் 15 செ.மீ. அகலமுள்ள திறந்த பிரம்புத் தட்டை இலை மறைவில் உயரமாகக் கட்டினால் போதும்.

ஜோடி என்று சொன்னதும் நம்பிவிடாதீர்கள். ஆணுக்கு ஊதா உச்சி, ஆரஞ்சுப் பிடரி, மார்பில் கருநீலப் பட்டை. பெண் பெரும்பாலும் பச்சை, பின்தலையில் சின்னக் கருநீலத் திட்டு. இளம் ஆணும் பச்சையாகத்தான் இருக்கும். எந்தக் கடையிலாவது ‘பச்சைப் புறா’ என்று காட்டினால் அலகைப் பாருங்கள். சிவந்த அலகு, முதுகும் இறக்கையும் பச்சை, மார்பும் வயிறும் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு என்றால் அது நம் மாநிலப் பறவை மரகதப்புறா. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

இந்தக் கடையில் கூண்டை மட்டும் தனியாகக் கேட்டாலும் தருகிறார்கள். கிண்ணத்தை மேலே மாட்டச் சொன்னால் அங்கேயே கொக்கி வெல்டு வைத்துக் கொடுக்கிறார்கள்.