அம்மா கையில் ஒரே ரிமோட்: மூன்று ஆண்டு அனுபவம்

ஓசூரில் ஷிப்ட் முடிந்து நான் அறைக்குத் திரும்பும் நேரமும், காவேரிப்பட்டணத்தில் அம்மா பார்க்கும் தொடர் தொடங்கும் நேரமும் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை வாரத்தில் இரண்டு நாளாவது அந்நேரத்தில் போன் வரும். "டிவியில் படமே இல்லை, வெறும் நீலமாக நிற்கிறது." எந்த ரிமோட்டை அழுத்தினாய் என்று கேட்பேன். "கறுப்பு ரிமோட்டைத்தான்" என்பார். இரண்டுமே கறுப்பு.

ஒன்று டிவியுடையது, மற்றொன்று கேபிள் செட்டாப் பாக்ஸுடையது. ஒன்று தொலைந்துவிடக் கூடாதென்று பூக்கட்டில் வரும் ரப்பர் பேண்டைப் போட்டு இரண்டையும் முதுகோடு முதுகாகக் கட்டி வைத்திருந்தார். சத்தத்தைக் கூட்டப் போய் சேனல் மாறும். சேனலை மாற்றப் போய் டிவி அணைந்துவிடும்.

இதற்கான மருந்து அந்தக் கட்டிலேயே இருந்தது. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் மேல்மூலையில், மற்றவற்றிலிருந்து கோடு போட்டுப் பிரித்த ஐந்து சிறு பொத்தான்கள்: செட், பவர், படம் எந்த இணைப்பிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் ஏவி, சத்தத்துக்கு ஒரு கூட்டல், ஒரு கழித்தல். டிவி ரிமோட்டின் வேலையை இவற்றுக்குக் கற்றுக்கொடுக்கலாம். பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன கேபிள்காரர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கற்றுக்கொடுப்பது ஐந்து நிமிட வேலை. எங்கள் ரிமோட்டில், செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்து, கற்க வேண்டிய பொத்தானை ஒருமுறை தட்டினால் விளக்கு மெல்ல மினுக்கும். உடனே டிவி ரிமோட்டை நேர் எதிரே, மூக்கோடு மூக்கு வைத்ததுபோல் இரண்டு விரற்கடை இடைவெளியில் பிடித்து அதன் பொத்தானை அழுத்தினால், விளக்கு படபடவென மினுக்கி மறுபடி நிலைக்கும். இப்படி ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் செட்டைத் தட்டினால் பதிந்துவிடும். வேறு ரிமோட்டுகளில் வரிசை மாறும். சிலவற்றில் செட் பொத்தானே கிடையாது, பவரையே அழுத்திப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு நான்கு முறை தவறியது. பேட்டரிதான் காரணம். வலுக்குறைந்த பேட்டரியில் சேனல் மாறும், ஆனால் பாடம் அரைகுறையாகப் பதியும். இரண்டு ரிமோட்டுக்கும் புது பேட்டரி போட்டு, இரண்டையும் கையில் பிடிக்காமல் தரையில் கிடத்தி வைத்துச் செய்தபோது ஒரே தடவையில் முடிந்தது. கை ஆட்டம் அந்த அளவுக்குக் கெடுக்கிறது. டிவி ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பின் கோவையைத்தான் எதிரில் இருப்பது காது கொடுத்துக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறது. பேட்டரி மாற்றினால் மறந்துவிடுமோ என்று பயந்தேன். இதுவரை பலமுறை மாற்றியாகிவிட்டது, மறக்கவில்லை.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ரிமோட்டில் பெட்டிக்குப் பெரிய பவர் ஒன்று, டிவிக்குச் சின்ன பவர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதே பொத்தான்தான் அணைக்கவும் எழுப்பவும் செய்கிறது என்பதால், ஒன்று விழித்து மற்றது தூங்கினால் பழைய நீலத்திரை திரும்பிவிடும். அம்மாவுக்கு நான் சொன்ன விதி ஒன்றுதான்: பெரிய சிவப்புப் பொத்தானைத் தொடாதே, சின்னதை மட்டும் அழுத்து. பெரியதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியும் ஒட்டினேன். சித்திரையில் இடிமழை பிடித்தால் அம்மா எப்படியும் பிளக்கையே பிடுங்கிவிடுவார், அது வேறு கதை.

சத்தமும் இரண்டு இடத்தில் இருக்கிறது. பெட்டியின் சத்தம் குறைந்து கிடந்தால் டிவியை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் கூடும். பெட்டியை முழு அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, டிவியின் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைப்பதே சரி.

இரண்டு ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு தம்பி பழைய டிவியைத் தள்ளிவிட்டு ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டினான். மறுபடி போன் தொடங்கியது. அந்த வாரக் கடைசியில் போய் உட்கார்ந்தேன். பவர் உடனே பதிந்தது. சத்தம் மட்டும் எத்தனை முறை முயன்றாலும் பதியவில்லை. விளக்கு மெல்ல மினுக்கிக்கொண்டே இருந்து அணைந்துபோனது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டதற்கு, உங்கள் ரிமோட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். வாங்கியிருப்பேன். அதற்குமுன் போனின் முன்பக்க கேமராவை டிவி ரிமோட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவில் வெளிர் ஊதாவாகத் தெரியும். பவரை அழுத்தினால் ஊதாப் பொட்டு மின்னியது. சத்தத்தை அழுத்தினால் இருட்டு.

குற்றம் எங்கள் ரிமோட்டில் இல்லை. குரலில் தேடும் வசதியுள்ள புது ரிமோட்டுகள் பலவும் டிவியோடு புளூடூத்தில் பேசுகின்றன. பவருக்கு மட்டும் அகச்சிவப்பு. வாய் திறக்காத வாத்தியாரிடம் பிள்ளை எதைக் கற்கும்? டிவியின் அமைப்புகளுக்குள் போய் ரிமோட்டின் புளூடூத் இணைப்பைத் துண்டித்தேன். இணைப்பு போனதும் சத்தப் பொத்தானிலும் ஊதாப் பொட்டு வந்தது. அப்படியே வைத்துக் கற்றுக்கொடுத்து, பிறகு மறுபடி இணைத்துவிட்டேன். எல்லா டிவியிலும் இது நடக்கும் என்று சொல்லமாட்டேன். எங்கள் டிவியில் நடந்தது.

ஏவி பொத்தான் இந்த டிவியில் வீண். அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் மேலும் கீழும் நகர நம் ரிமோட்டில் வழியில்லை. டிவியை எழுப்பியதும் பெட்டியின் வயர் மாட்டியிருக்கும் எச்டிஎம்ஐ 1 இணைப்பில் நேராக நிற்கும்படி அமைப்புகளில் மாற்றி வைத்ததோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு என் கைவண்ணம் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருப்பது 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த டிவி. தெலுங்குச் சேனல்களைத் தவிர வேறெதற்கும் அதை அவர் போடுவதில்லை. அதன் ரிமோட் தொலைந்து பல ஆண்டுகள். கற்றுக்கொடுக்கத் தாய் ரிமோட் வேண்டும், அது இல்லை. எல்லா டிவிக்கும் என்று விற்கும் 150 ரூபாய் ரிமோட் ஒன்றை வாங்கி, அந்த டிவிக்கு ஏற்ற குறியீட்டை அதுவே தேடும் வகையில் அழுத்திப் பிடித்துக் காத்திருந்து, டிவி அணைந்த நொடியில் கையை எடுத்தேன். பிறகு அதைத் தாயாக வைத்து அத்தையின் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்குப் பாடம் எடுத்தேன். பவர் ஏறியது, சத்தம் ஏறவில்லை. அவர் இன்னும் எழுந்துபோய்தான் சத்தம் வைக்கிறார். "நடப்பதும் நல்லதுதான் தம்பி" என்கிறார்.

மேற்கு வாசல் வழியாக மாலை வெயில் நேராக டிவியின் முகத்தில் விழும் அரைமணி நேரம் எங்கள் ரிமோட்டும் தடுமாறும். அதற்குக் கதவை ஒருக்களிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

போன மாதம் சத்தக் கூட்டல் பொத்தானின் ரப்பர் தேய்ந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால்தான் கேட்கிறது. அதே மாதிரி ரிமோட் ஒன்று வாங்கி, பழையதையே எதிரில் வைத்து நான்கையும் கற்றுக்கொடுத்தேன். அம்மா அதற்குப் பாலிதீன் உறை போட்டுவிட்டார். டிவி ரிமோட் பேட்டரி கழற்றப்பட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.