தைத்த திருவிளையாடலும் ஒட்டிய திருவிளையாடலும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே 26 ஆண்டுகள் மிஷின் மிதித்தவன் நான். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு இப்போது அங்கே மிதிக்கிறேன். சித்திரை வந்தால், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம் என்ற அரைக்கால்சட்டையும் உருமா என்ற தலைப்பாகையும் தைப்பேன். மற்ற மாதங்களில் பாவாடையும் தலையணை உறையும். பக்கத்தில் எப்போதும் ஒரு பக்திப் புத்தகக் கடை இருந்திருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் கடைக்காரரை விட்டுவிட்டு, "அண்ணே, பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர் விற்கிறவர், எனக்கு அதில் லாபம் இல்லை என்ற நம்பிக்கைதான். பலருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மதுரைக்காரர் வீட்டில் முதலில் இருக்க வேண்டியது திருவிளையாடற் புராணம். பரஞ்சோதி முனிவரின் செய்யுளை எடுத்த எடுப்பில் நீட்டினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். உரைநடையில் கதையாக வந்திருப்பதை வாங்குங்கள். நான் இரண்டு வாங்கினேன். முதலாவது வழுவழு அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், 350 ரூபாய். நாற்பத்தோராவதான விறகு விற்ற படலத்துக்கு வந்தபோது முதுகில் பசை விட்டுத் தாள்கள் மடியில் உதிர்ந்தன. இரண்டாவது பழுப்புத் தாள், படமே இல்லை, 90 ரூபாய். ஆனால் நூலால் தைத்தது. மூன்று மழைக்காலம் தாண்டி அப்படியே இருக்கிறது.

வாங்கும்போது புத்தகத்தை நிறுத்தி, முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் கற்றை கற்றையாக மடிந்து தெரிந்தால் தைத்ததாக இருக்கும். ஒரே மட்டமாக வெட்டியதுபோல் இருந்தால் வெறும் பசை. சந்தேகம் இருந்தால் ஒரு கற்றையின் நடுப்பக்கத்தை விரியுங்கள், நூலே கண்ணில் படும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

மொத்தம் 64 படலம். இரவுக்கு ஒன்றாக என் மகள் வாசிக்க, நானும் அவள் அம்மாவும் கேட்டோம். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கல்யானை கரும்பு தின்ற கதையை வாசித்த வாரமே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் வல்ல சித்தர் சந்நிதியில், "அப்பா, இவர்தானே கல்யானையைக் கரும்பு தின்னவைத்தவர்?" என்று பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். பிட்டுக்கு மண் சுமந்த கதையை மட்டும் ஆவணி மூலத்துக்கு என்று நிறுத்திவைத்தேன். முதல்நாள் இரவு வந்திக் கிழவியின் கதையை வாசித்துவிட்டு மறுநாள் பிட்டுத் திருவிழா நடக்கும் புட்டுத்தோப்புக்குப் போனால், எந்த வண்ணப்படமும் வேண்டியதில்லை.

தேவாரத்தில் ஒன்றே ஒன்று போதும் என்றால் 'மந்திரமாவது நீறு' பதிகம். பாண்டியனின் வெப்புநோய் தீரச் சம்பந்தர் இந்த ஊரில் பாடியது. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் மாத்திரையும் உண்டு, இதுவும் உண்டு. ஆனால் 15 ரூபாய்ச் சிறு புத்தகங்களை நம்பாதீர்கள். நான் வாங்கியதில் 'செந்துவர் வாய்' என்பது 'செந்தவர் வாய்' என்று அச்சாகியிருந்தது. "செந்தவர் யார் அப்பா?" என்றாள் மகள். நான் விழித்தேன். வேட்டி ஓரம் மடித்துத் தைக்க வந்த ஓதுவார் ஒருவர்தான் பென்சிலால் திருத்தி, சிவந்த வாய் என்று பொருள் சொல்லிக்கொடுத்தார். தையல்கூலி வாங்கவில்லை.

பாட்டுக்கு என் அளவுகோல் வேறு. மிஷின் ஓடும்போது காதில் நிற்க வேண்டும். அதில் முதல் இடம் 1922-இல் நம் ஊரில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனுக்குத்தான். 'உள்ளம் உருகுதையா'வைப் போட்டால் ஊசிச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வரும். பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பாடமே வேண்டாம். அதை எழுதிய ஆண்டவன் பிச்சை ஒரு பெண் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. மதுரை சோமுவின் 'மருதமலை மாமணியே' வந்தால் மிஷினை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் அவர் வேகத்துக்கு மிதித்து, தையல் கோணிக்கொள்ளும். எம்.எஸ்.சுப்புலட்சுமி விடியற்காலைக்கு, கடைக்கு அல்ல. பக்கத்து மிஷினில் தைக்கும் பாய், நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை வைப்பார். பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்து, என் மகள் அதையும் முழுதாகப் பாடுகிறாள்.

படம் என்றால் 1965-இல் வந்த 'திருவிளையாடல்'. ஏ.பி.நாகராஜன் இயக்கி, நக்கீரராகவும் நடித்தது. நாகேஷின் தருமி புலம்பும்போது வீட்டில் சிரிக்காதவர் கிடையாது. பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒருநாள் போதுமா'வுக்கு டி.எஸ்.பாலையா வாயசைப்பதைப் பார்த்தாலே ஹேமநாத பாகவதரின் செருக்கு புரிந்துவிடும். தட்சன் யாகப் பகுதி நம் 64-இல் இல்லாதது. சிறு பிள்ளைகள் பயந்துபோகவும் கூடும், நான் ஓட்டிவிட்டேன். படம் முடிந்ததும் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை எடுத்துக் காட்டுங்கள். தருமி கொண்டுபோன 'கொங்குதேர் வாழ்க்கை' அங்கே இறையனார் பெயரில் இருக்கிறது. "அப்போது சாமி நிஜமாகவே எழுதினாரா?" என்று மகள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொலைக்காட்சிப் புராணத் தொடர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. சாமி கண்ணைத் திறப்பதற்குள் இரண்டு விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது.

உதிர்ந்துபோன அந்த 350 ரூபாய்ப் புத்தகத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தாள்களை அடுக்கி, 18-ஆம் எண் ஊசி போட்டு, ஓரத்தில் நானே ஒரு தையல் ஓட்டினேன். கெட்டியாக நிற்கிறது. அவசரத்தில் ஒரு தாளை மாற்றிச் சொருகிவிட்டேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் சொக்கநாதர் இன்னும் தலைகீழாகத்தான் விறகு விற்கிறார்.