110 கொரோலாவின் முன்பக்கத்துக்கு எது சரி: புதுசா, கழட்டினதா, செய்து போடுறதா?

எங்கள் வீட்டு டொயோட்டா 110 கொரோலா 1997ஆம் ஆண்டு வண்டி. நிற்பது மட்டக்களப்பு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டு பக்கத்து உப்பும் அதன் தலையில்தான். ஓட்டத்தில் பாதி வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போய்வருவது லேசாகிவிட்டது, ஆனால் பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல், மாரி முடிந்த கையோடு போனால் எது குழி எது தண்ணீர் என்றே தெரியாது. போன மாரிக்குப் பிறகு முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது மட்டும், அதுவும் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது.

ஜக் அடித்துச் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் கை உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தது, அது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள், ரை ரொட் எண்ட் அல்லது ரக் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலும் கொஞ்சம் ஆடியது, அது குண்டு மூட்டு (போல் ஜொயின்ட்) அல்லது பெயாரிங். கீழே படுத்துப் பார்த்தபோது இடது ரக் பூட், அதாவது ஸ்டியரிங் ரக்கின் முனையை மூடும் ரப்பர் உறை, கிழிந்திருந்தது, உள்ளே கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆமின் ரப்பர் புஷ்களில் வெடிப்பு, ஒரு ஷொக்கில் எண்ணெய்க் கசிவு. சரி, முன்பக்கம் மொத்தமும் வேலைதான்.

வண்டியை மாற்றுகிற கதையே இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போனது, 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழைய கொரோலா மேல் பாசம் தானாக வந்துவிடும். ஆகவே கேள்வி எந்தச் சாமானைப் போடுவது என்பதுதான். விலைகளை எழுதவில்லை, நீங்கள் வாசிக்கும்போது அவை மாறியிருக்கும்.

பழைய வண்டிகளிலிருந்து கழட்டின ஜப்பான் சாமானை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு அதன் மேல் ஒரு தனி நம்பிக்கை. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து பஸ்ஸில் போட்டு விட்டால் மறுநாள் காலை கையில். ‘ஒரிஜினல்’ என்று சொல்வார்கள், பொய் இல்லை, கொம்பனியிலேயே பூட்டி வந்த சாமான்தான். ஆனால் அந்த ஒரிஜினலுக்கும் என் வண்டியின் வயதுதானே? இரும்புக்கு அது பிரச்சினை இல்லை. லோவர் ஆம் வளைந்திருந்தாலோ நக்கிள் உடைந்திருந்தாலோ கண்ணை மூடிக்கொண்டு கழட்டினதையே வாங்குவேன், துரு தின்னாமல் நேராக இருந்தால் போதும். ரப்பர், சீல், குண்டு உள்ளவை வேறு சாதி. இன்னொரு வண்டிக்குக் கழட்டின ஷொக் ஒரு சோடி வாங்கிப் போட்டேன், கையால் அமுக்கிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, நாலு மாதத்தில் இரண்டும் எண்ணெய் கக்கியது. ஷொக் கழட்டிப் பூட்டுகிற கூலி இரண்டு தரம் கொடுத்தது தனிக் கணக்கு.

அடுத்தது உள்ளூரில் செய்து போடுவது. இதில் நல்லதும் இருக்கிறது, ஆளைக் கொல்லுகிறதும் இருக்கிறது. லோவர் ஆமைக் கழட்டி, பழைய புஷ்ஷைப் பிரெஸ்ஸில் தள்ளிப் புதுப் புஷ் ஏற்றுவது நல்ல வேலை, முழு ஆம் வாங்கத் தேவையில்லை. ஆனால் திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். புஷ் வழியாகப் போகிற போல்ட்டை வண்டி ஜக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், இறக்கினதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், பிறகு ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுகி, சீக்கிரத்தில் கிழியும். சக்கரம் நிலத்தில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. ‘புதுப் புஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது, சாமான் சரியில்லை’ என்று சொல்கிறவர்களில் பலர் பழி போட வேண்டியது சாமான் மேல் இல்லை.

ஷொக்கில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு ஒட்டித் தருகிறார்கள். முதல் வாரம் கல் மாதிரி இருக்கும், அதைத்தான் ஆட்கள் ‘நல்லா ஏறிட்டு’ என்கிறார்கள். உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்தபடிதான், கேஸ் ஷொக் என்றால் கேஸும் போய்விட்டது. போல் ஜொயின்ட்டைச் சூடாக்கி, கப் மாற்றி, வாயை வெல்டிங் பண்ணித் தருகிற வேலைக்கு என்னிடம் ஒரே பதில், வேண்டாம். ஓடும்போது அந்தக் குண்டு கழன்றால் சக்கரம் வெளியே மடிந்து விழும், வண்டி ஸ்டியரிங்குக்கு அடங்காது. 110இல் போல் ஜொயின்ட் தனியாகவே வருகிறது, ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும்தான், லோவர் ஆம் அப்படியே இருக்க அதை மட்டும் மாற்றலாம். இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

புதுசு என்று முடிவெடுத்த பிறகும் ஒரு சண்டை மிச்சம்: மலிவுப் புதுசா, பெயருள்ள புதுசா. நான் பெயரில்லாத ரை ரொட் எண்ட் ஒன்றைக் கையில் எடுத்ததும் கராஜ் அண்ணன் அதை வாங்கி, ஸ்டட்டை இரண்டு விரலால் ஆட்டினார். கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. “மலிவு எண்டு இதப் போடுவீங்க தம்பி, மறுகா வந்து என்னயத்தான் பேசுவீங்க.” பிறகு பெயருள்ள ஜப்பான் கொம்பனியான 555இன் ஒன்றைத் தந்து ஆட்டச் சொன்னார், இரண்டு விரலுக்கு அசையவில்லை, முழுக் கையால் தள்ளினால் மெதுவாக, ஒரே இறுக்கத்தில் திரும்பியது. நல்ல புதுக் குண்டு அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தப் பெயரைப் போட்டுப் போலியும் வருவதால் பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் இந்த விரல் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், ரப்பர் பூட் கழுத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, நட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் கூட இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஷொக்குக்குக் கேவைபி (KYB, ஜப்பான் கொம்பனி) புதுசு ஒரு சோடி எடுத்தேன். கசிந்தது ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி நடக்கும். மேல் மவுண்ட்டையும் சேர்த்தே மாற்றினேன், அதற்கென்று திரும்பவும் ஸ்பிரிங்கை அமுக்க யாருக்குப் பொறுமை.

ரக்கில் எண்ணெய்க் கசிவு இல்லாததால் ரக் எண்டும் பூட்டும் மட்டும் மாற்றினேன். கசிந்திருந்தால் தண்டைப் பார்த்துத்தான் தீர்மானம். மினுமினுப்பாக இருந்தால் சீல் கிட், துருக்குழி விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது, அப்போது கழட்டின ரக் ஒன்றை எடுத்து எண்டும் பூட்டும் புதுசாகப் போடுவதுதான் மேல். உண்மையில் ரக் எண்ட் செலவுக்குக் காரணம் அந்தக் கிழிந்த பூட்தான், இருப்பதிலேயே மலிவான சாமான்.

தனியார் காருக்கு வருடா வருடம் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஸ்டியரிங் ஆடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை, அதனால் இதெல்லாம் நம் தலைப்பொறுப்பு.

கடைசியாக அலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேர் பார்ப்பது. கராஜில் நூல் பிடித்துப் பார்த்தது கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு ஓட்டிப்போகும் வரை போதுமானதாக இருந்தது, பழைய எண்டைக் கழட்டும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்ததும் உதவியது. நூலோடு நிறுத்தியிருந்தால் ரயரின் உள்விளிம்பு கதை சொல்லியிருக்கும். கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை காட்டிய பிறகும் நேர் வீதியில் ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. திரும்பிப் போய்ச் சொன்னேன், இரண்டு பக்க ரை ரொட்டையும் ஒரே அளவு திருப்பி, ஒன்றை நீட்டி மற்றதைக் குறைத்துத் தந்தார்கள், பத்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை.