பட்டறையா, ஏசி ஆபீசா: டிராஃப்டிங் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போகலாம்?

போன வாரம் காலேஜ் ஜூனியர் ஒருத்தி டிராஃப்டிங், அதாவது மெஷின் பார்ட்டுகளுக்கு டிராயிங் போடுகிற, இன்டர்ன்ஷிப் விஷயமாக போன் பண்ணியிருந்தாள். "அக்கா, ரெண்டு இடத்துல வரச் சொல்லிட்டாங்க. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு டிசைன் கம்பெனி, ஆவாரம்பாளையத்துல ஒரு பட்டறை. வீட்ல எல்லாரும் டிசைன் கம்பெனிதான்னு சொல்றாங்க. நீங்க பட்டறைக்குத்தானே போனீங்க?"

ஆமாம், பட்டறைக்குத்தான் போனேன். அதனால் கீழே இருப்பது ஒரு பக்கம் சாய்ந்த தராசுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன். கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்கள் கேட்கும் பார்ட்டுகளைச் செய்து கொடுக்கும் வேலை, எடுத்துச் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் ஆறு வாரம் இருந்தேன். ரெண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்), சுவரோரம் மூன்று பழைய லேத். மாடிப்படிக்குக் கீழே பிளைவுட் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அதுதான் டிராயிங் ஆபீஸ். என் கூடப் படித்த தோழி அதே ஆறு வாரம் ஒரு டிசைன் சர்வீஸ் கம்பெனிக்குப் போனாள். அந்தப் பக்கம் பற்றி நான் எழுதுவதெல்லாம் தினமும் சாயங்காலம் பஸ்ஸில் அவள் சொல்லக் கேட்டது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: கம்ப்யூட்டரில் டிராயிங் போடச் சொல்லிக்கொடுக்கும் கேட் (CAD) சென்டர்களில் பணம் கட்டி வாங்கும் இன்டர்ன்ஷிப். ஒரு இடத்தில் டெமோ வகுப்பு மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிற அதே பிளாஞ்ச், அதே கனெக்டிங் ராட். சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள அது நல்ல இடமாகவே இருக்கலாம், அதைக் கோர்ஸ் என்று சொல்லிச் சேரலாம். இன்டர்ன்ஷிப் என்று சொல்லிச் சர்ட்டிஃபிகேட் வாங்கி வந்தால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்தப் பார்ட் எந்த மெஷின்ல உட்காருது?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், மாட்டிக்கொள்வோம். அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த வித்தியாசங்களையும் சீக்கிரமாகக் கடந்துவிடலாம். அங்கே ஏசி, இங்கே கூலன்ட் வாசம். அங்கே கழுத்தில் ஐடி கார்டு, இங்கே பேரே கிடையாது, எல்லாருக்கும் நான் 'அம்மணி'தான். ஸ்டைபண்ட் ரெண்டு பேருக்கும் கிடையாது. அவளுக்கு மெஷின் காபி, எனக்கு ரெண்டு வேளை டீயும் வாரத்தில் ஒருநாள் பஜ்ஜியும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று: பட்டறைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டு நான் முதல் மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். கடைசியில் அடுத்த பட்டறையில் கணக்கு எழுதும் அக்காதான் சாவி கொடுத்தார்கள்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பது என் கட்சி: நாம் வரைந்த டிராயிங் நம்மிடம் திரும்பி வருமா?

காலேஜில் டிராயிங் திரும்பி வராது. வரைவோம், கையெழுத்து வாங்குவோம், ரெக்கார்டில் வைப்போம். அந்த ஷாஃப்டை (சுழலும் தண்டை) யாரும் கடைந்து பார்த்ததில்லை. பட்டறையில் பிரிண்டர் விட்ட சூடு ஆறுவதற்குள் தாள் லேத்துக்குப் போய்விடும். தப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் கிரீஸ் கையோடு திரும்பி வரும்.

எனக்கு வந்தது இரண்டாவது வாரம். ஒரு கஸ்டமர் தேய்ந்துபோன பழைய ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி ஆறு வேண்டும் என்றார். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து அளந்து டிராயிங் போடுவது என் வேலை. ஒரு முனையில் 6205 பேரிங் உட்கார வேண்டும்: மில்லிமீட்டரில் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. பேரிங் உட்காரும் சீட்டுக்கு 25 கே 6 என்று எழுதினேன்; விட்டம் 25-லிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடுதான் கே 6. பேரிங் முட்டி நிற்கிற ஷோல்டரை 32 விட்டத்தில் போட்டேன். அந்த மூலை கூர்மையாக இருந்தால் அங்கே ஸ்ட்ரெஸ் சேரும், ஷாஃப்ட் விரிசல் விடும் என்று வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. பெரிய புத்திசாலி மாதிரி அந்த மூலையை 2 மில்லி ரேடியஸில் வளைத்து, ஆர் 2 என்று ஃபில்லட் போட்டேன். திரையில் பார்க்க அழகாகவே இருந்தது.

முதலில் லேத் ஓட்டும் டர்னர் அண்ணன் வந்து கேட்டது கே 6 பற்றி. "கே ஆறுன்னா எத்தன மைக்ரான் அம்மணி? நம்பரா எழுதிக் குடுங்க, மைக்ரோமீட்டர்ல கே இல்லீங்க." டேபிளைப் புரட்டி, கூட்டல் 0.015, கூட்டல் 0.002 என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து குறியீட்டையும் எண்ணையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். முதல் ஷாஃப்ட் முடிந்திருந்தது. அதில் ஒரு பேரிங்கை பைப் துண்டு வைத்துத் தட்டி ஏற்றியிருந்தார். ஒன்றும் பேசாமல் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பேரிங்குக்கும் ஷோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தோம், கிட்டத்தட்ட ஒரு மில்லி. "பாத்தீங்ளா, உக்கார மாட்டேங்குது."

பேரிங்கின் உள்வளைய மூலையும் ஒரு ரேடியஸ்தான். 6205-க்கு கேட்டலாகில் அது 1 மில்லி என்று போட்டிருக்கும். ஷாஃப்ட் மூலையில் இருக்கிற ரேடியஸ் அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் பேரிங் ஷோல்டரில் போய் முட்டும். நான் கொடுத்தது அதற்கு இரண்டு மடங்கு. பேரிங் என் அழகான ஃபில்லட்டின் மேல் ஏறி நின்றுகொண்டது. இதில் வேடிக்கை, நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கும்; சிஎன்சியில் வெட்டும் முனையான இன்சர்ட்டின் மூக்கே 0.8 ரேடியஸ்தான், மூலையில் அது தானாக விழுந்திருக்கும். படித்ததைக் காட்டப் போய்க் கெடுத்தேன். மூலையில் உலோகம் கூடுதலாக நின்றதால் மறுபடி கடைந்து சரி செய்ய முடிந்தது. அதுவே குறைந்திருந்தால் ஸ்கிராப்தான்.

முதலாளி திட்டவில்லை. அடுத்த நாள் காலையில் பேரிங் கேட்டலாகை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் விட்டம், அகலம் தவிர மற்ற கட்டங்களை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

இன்னொரு தடவை நீளங்களைச் சங்கிலி மாதிரி 40, 25, 30 என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருந்தேன். அண்ணன் பென்சிலால் எல்லாவற்றையும் ஒரே முகத்திலிருந்து கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். லேத்தில் அவர் ஒரு முகத்தில் சீரோ பிடித்து அங்கிருந்துதான் எல்லா நீளத்தையும் எடுக்கிறார். என் டிராயிங்கைப் படிக்க அவருக்கு ஒரு கணக்கு நோட்டு தேவைப்பட்டது. அவர் கூட்டலில் ஒரு தப்பு வந்தால் பழி யார்மேல்? அளவுகளை எங்கிருந்து எடுப்பது என்கிற அந்த டேட்டம் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.

எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 போட்டு ஒரு பிளேட் வரைந்த கதையும் உண்டு. "இதுக்குத் தங்கத்துலயே பண்ணிக் குடுத்துரலாமுங்க" என்றார் முதலாளி. 100 மில்லி நீளத்துக்கு, சும்மா காற்றில் நிற்கிற விளிம்பாக இருந்தால், அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் பொதுத் தரமான ஐஎஸ்ஓ 2768-ன் மீடியம் பிரிவில் வரும் கூட்டல் கழித்தல் 0.3 தாராளம். 0.01 என்றால் அது கிரைண்டிங்குக்குப் போக வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும்.

இப்போது தோழியின் பக்கம். அவளுக்கும் டிராயிங் திரும்பி வந்தது. செக்கர் என்று ஒருவர் இருப்பார், சிவப்பில் குறித்து அனுப்புவார். லைன் தடிமன், லேயர், தாள் மூலையில் பெயர் விவரம் போடும் டைட்டில் பிளாக்கில் ரிவிஷன் எழுத்து, செக்‌ஷன் ஹேட்சிங், வெளிநாட்டுக் கஸ்டமர் தேர்ட் ஆங்கிள் கேட்டிருக்க நம் ஊர்ப் பழக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் போட்டது (பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கான இரண்டு முறைகள் இவை). இதெல்லாம் சில்லறை விஷயம் கிடையாது. புரொஜெக்‌ஷன் சின்னத்தை மாற்றிப் போட்டால் இடது கைப் பார்ட் வலது கையாக வந்து நிற்கும். அவள் செய்த வேலை பெரும்பாலும் பழைய 2டி தாள்களை 3டி மாடலாக மாற்றுவது. ஆறு வாரத்தில் அவள் கை வேகம் என்னைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தது, அளவை மாற்றினால் மாடலும் மாறுகிற பாராமெட்ரிக் மாடலிங்கில் இன்றைக்கும் அவளிடம்தான் சந்தேகம் கேட்கிறேன். வடிவமும் நிலையும் எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் ஜியாமெட்ரிக் டாலரன்ஸ் சின்னங்களைத் தினம் படித்தவள் அவள். என் பட்டறைக்கு அப்படிப்பட்ட டிராயிங் ஆறு வாரத்தில் ஒன்றோ இரண்டோதான் வந்தது.

ஆனால் அவள் மாடல் செய்த எந்தப் பார்ட்டையும் அவள் கையால் தொட்டதில்லை. செக்கர் ஸ்டாண்டர்டைப் பார்த்துத் திருத்தினார். உட்காராத பேரிங்கை யாரும் அவளிடம் தூக்கிக் காட்டவில்லை. அவள் வரைந்ததிலும் என்னுடைய ஆர் 2 மாதிரி ஏதாவது இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது எங்கேயோ வேறு நாட்டில் வேறு யாருக்கோ தெரிய வந்திருக்கும்.

எல்லா டிசைன் ஆபீசும் இப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. தயாரிப்புக் கம்பெனிக்குள்ளேயே டிசைன் துறை இருந்தால் கதை வேறு, படி இறங்கினால் ஷாப் ஃப்ளோர். அப்படி ஒரு இடம் கிடைத்தால் மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டவில்லை.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் கிடையாது. கம்ப்யூட்டரில் 2டி மட்டும்தான் இருந்தது; 3டியை ராத்திரியில் வீட்டில் ஸ்டூடன்ட் லைசென்ஸில் நானே பழகினேன். டிராயிங் வேலை இல்லாத நாள்கள் வரும். அன்றைக்கு டெலிவரி சலான் எழுதுவேன், ஜாப் எண்ணுவேன், ஒரு முழு நாள் எம் 10 மரை வெட்டும் டேப்புக்கு 8.5 டிரில் போட்ட ஓட்டைகளை எண்ணியிருக்கிறேன். முதல் வாரமே யாரையாவது பிடித்துக்கொண்டு கேள்வி கேட்காவிட்டால் ஆறு வாரமும் சலான் எழுதியே போய்விடும். என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வேறொரு பட்டறையில் அப்படித்தான் ஆனது. சர்ட்டிஃபிகேட்டில் தெரிந்த கம்பெனி பெயர் இருக்க வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பையும் பட்டறை நிறைவேற்றாது.

லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் சேரப் போகிறவர்கள், கார் பாடி சர்ஃபேஸ், பைப்பிங் லேஅவுட் மாதிரி பெரிய சாஃப்ட்வேர் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் தோழி போன வழியில் போவதில் தப்பில்லை. டூல் ரூம், பம்ப், மோட்டார், கியர் என்று நம் ஊர் வேலைக்குள் இருக்கப்போகிறவர்கள் பட்டறைக்குப் போங்கள். ஜூனியர் பெண்ணுக்கும் அதையே சொன்னேன். அவள் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறதாம்.

எங்கே போனாலும் ரிப்போர்ட்டுக்கு என்ன டிராயிங் வைப்பது என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். டிராயிங் கஸ்டமர் சொத்து. தோழிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட வெளியே எடுக்க அனுமதி இல்லை. கடைசியில் அவள் ரிப்போர்ட்டில் எல்லாம் அவளே கற்பனையாகப் போட்ட மாடல்கள். நான் அந்த ஆறு ஷாஃப்ட் தாளைக் கேட்டேன், டர்னர் அண்ணன் பென்சில் கிறுக்கியது, ஆர் 2 மேல் வட்டம் போட்டு அடித்தது, கிரீஸ் ரேகையோடு இருந்த அதே தாளை. முதலாளி கஸ்டமருக்கு போன் போட்டுக் கேட்டார். அப்புறம் கத்தரிக்கோல் எடுத்து, கஸ்டமர் பெயர் இருந்த டைட்டில் பிளாக்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தார். அப்படியே பைண்டிங்கில் வைத்தேன். வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "டைட்டில் பிளாக் எங்கம்மா?"