கியூஜிஐஎஸ்: ஒரு பழைய டிராஃப்ட்ஸ்மேனின் மதிப்புரை

31 ஆண்டுகள் ட்ரேசிங் தாளின் மேல் குனிந்து கோடு இழுத்தவன் நான். 0.2 பேனாவின் முனை அடைத்துக்கொண்டால் அன்றைய பொழுதே கெட்டுப்போகும். அம்மோனியா பிரின்ட் அறையின் நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வரைபடம் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தேன். மைத்துனர் வேளச்சேரிக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, அங்கே தண்ணீர் நிற்குமா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டதில் எல்லாம் மாறிவிட்டது. தரகர் அந்த இடத்தை மேடு என்று சத்தியம் செய்திருக்கிறார்.

மகள் என் பழைய மடிக்கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய திட்டம் இது. இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். விலை கிடையாது. பதிவிறக்கம் ஒரு ஜிபிக்கு மேல் வரும், ஆகவே வீட்டு இணைய இணைப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். புத்தம் புதிய பதிப்பை விட்டுவிட்டு, நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு என்று தனியாக ஒன்று தருகிறார்களே, அதை எடுப்பது என் வயதுக்காரர்களுக்கு நல்லது. மாதத்துக்கு ஒரு பொத்தான் இடம் மாறினால் நமக்குத் தாங்காது.

திறந்ததும் திகைப்புதான். எங்கள் பழைய அலுவலகத்தில் ஐந்து பேர் மேசைகளில் கிடந்த சாமான்களை ஒரே மேசையில் கொட்டியதுபோல் பொத்தான்கள். முதல் வாரம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரி ஏரியைச் சுற்றி 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட நினைத்து, உரிய கட்டத்தில் 100 என்று தட்டினேன். பட்டை ஏரியைத் தாண்டி, வங்கக்கடலைத் தாண்டி, உலகத்தையே விழுங்கிவிட்டது. வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகை அளவில் இருந்ததால், நான் கேட்டது 100 மீட்டர் என்று அதற்கு எப்படித் தெரியும்? 100 பாகை என்று எடுத்துக்கொண்டது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் என்ற முறை உண்டு, அதில் சென்னைக்கு உரியது 44 வடக்கு. அதற்கு மாற்றிய பிறகுதான் மீட்டர் மீட்டராக நடந்துகொண்டது. இந்த ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

தரவுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நீரில் மூழ்கிய சாலைகளை மக்களே குறிக்க ஒரு வரைபடம் வந்ததே, அதற்கு அடித்தளம் இதுதான். குவிக்ஓஎஸ்எம் என்ற துணைக்கருவியில் ‘நீர்நிலை’ என்று கேட்டால் ஏரி, குளம், ஓடை எல்லாம் இறங்கி வந்துவிடுகின்றன. ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகும் பாதையை ஒரே திரையில் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் அதே ஊரில் குடியிருந்தும் ஒக்கியம் மடுவை நான் ஒரு பாலத்தின் பெயராகத்தான் அறிந்திருந்தேன்.

பிறகு ஒரு விளையாட்டு. ஊர்ப் பெயர்களில் ‘தாங்கல்’, ‘ஏரி’, ‘கேணி’ என்று வருபவற்றை மட்டும் வடிகட்டி நீலத்தில் காட்டச் சொன்னேன். பழவந்தாங்கல், ஓட்டேரி, வேப்பேரி, திருவல்லிக்கேணி என்று நகரமெங்கும் நீலப் புள்ளிகள். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. பெயர் இருக்கிறது, தண்ணீர் இருந்த இடத்தில் மாடிப்படி இருக்கிறது. தியாகராய நகரே 1920களில் ஏரிப் படுகையில் எழுந்ததுதான். பக்கத்து மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் உண்டு, எட்டிப் பார்க்க ஏரிதான் இல்லை.

இந்த மென்பொருளுக்காக நான் உயிரையே கொடுப்பேன் என்றால் அது பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் உட்காரவைக்கும் வேலைக்காகத்தான். 1950களில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு நம் ஊருக்குப் போட்ட தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை ஏற்றி, தாளில் ஒரு புள்ளி, இன்றைய வரைபடத்தில் அதே புள்ளி என்று இணை இணையாகக் குறிக்க வேண்டும். பரங்கிமலை, கோட்டை, அடையாற்றின் மேல் மறைமலையடிகள் பாலம், ரயில் பாதைகள் பிரியும் இடங்கள் என ஒன்பது புள்ளிகள் வைத்தேன். எந்தப் புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று மென்பொருள் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. நான் வேலையில் இருந்தபோது இதையே ஒளிமேசையில் இரண்டு தாள்களை வைத்து, ஒன்றை இழுத்து, மற்றதைத் தள்ளி, கழுத்து வலியோடு செய்வோம். ஒரு முனை பொருந்தினால் மறுமுனை ஓடிப்போகும்.

பரங்கிமலையைக் குறிக்கும்போது கை ஒரு கணம் நின்றது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்திய மாபெரும் நில அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, அளக்கத் தொடங்கியது அந்த மலையடியில்தான். 100 அடி எஃகுச் சங்கிலியால் தெற்கே பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மைத்துனர் பார்த்த வீடு அந்தக் கோடு போன திசையில்தான் இருக்கிறது.

தாள் பொருந்தியதும் அதன் ஒளிபுகாத் தன்மையைப் பாதியாகக் குறைத்தேன். அடுக்குமாடியின் கூரை தெரிந்தது. அதன் அடியிலிருந்து சதுப்பு நிலத்துக்கான நீலக் கீற்றுகள் மேலே வந்தன. உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. தாளின் அளவு 1:2,50,000, அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர். விளிம்பு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்தத் தாளை வைத்து யாரும் சொல்ல முடியாது. இந்த எச்சரிக்கையை மென்பொருள் தராது. திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போக அது விட்டுவிடும். கீழே ஆயத்தொலைவை ஆறு தசம இடங்களோடு எழுதி வேறு காட்டும். தசமத்தைப் பார்த்து மயங்காமல் இருக்க ட்ரேசிங் தாள் காலத்துப் புத்தி வேண்டும்.

உயர அளவில் இந்த மயக்கம் இன்னும் மோசம். எல்லோரும் இறக்கிக்கொள்ளும் எஸ்ஆர்டிஎம் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. 30 மீட்டருக்கு ஒரு கட்டம், முழு மீட்டரில் ஓர் எண். மொட்டை மாடியையும் தூங்குமூஞ்சி மரத்தின் தலையையும் சேர்த்துத் தரை என்று எண்ணிக்கொள்ளும். அந்தத் திட்டம் தனக்கு அனுமதித்துக்கொண்ட உயரப் பிழை 16 மீட்டர் வரை. சென்னையின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து 7 மீட்டருக்குள் என்கிறார்கள். மைத்துனர் பார்த்த மனைக்கு அது கொடுத்த உயரம் 9 மீட்டர், எதிர் வரிசைக்கு 4. நடுவே இருப்பது 30 அடிச் சாலை. தரகருக்குச் சாட்சி சொல்ல வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. இதை வைத்து வண்ண வண்ணமாக வெள்ள வரைபடம் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குற்றம் தரவுடையதும் அதைப் போடுபவர்களுடையதும், மென்பொருளுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நான்குதான் தருவேன். ‘இந்தத் தரவு இவ்வளவுதான் தாங்கும்’ என்று ஓரத்தில் ஒரு வரி காட்டினால் அதையும் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியில் கொத்தனார் ஒருவரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) இரவல் வாங்கிக்கொண்டு, மைத்துனரையும் இழுத்துக்கொண்டு அந்தத் தெருவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தேன். இஸ்திரி போடுபவர் தன் வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டு, “2015இல் இதுவரைக்கும்” என்றார். அவர் தொட்ட இடம் என் மார்பளவு. ஒவ்வொரு சுவராகக் கேட்டு, கைப்பேசியில் கியூஃபீல்டு என்ற துணைச் செயலியில் 26 புள்ளிகள் குறித்தேன். கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும் என்பதால் வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவற்றைப் பழைய தாளின் மேல் தூவியபோது, ஆழமான புள்ளிகள் எல்லாம் நீலக் கீற்றுகளுக்குள்ளும் அவற்றின் ஓரத்திலும் விழுந்தன. மைத்துனர் பார்த்த மனைக்கு நேர் எதிரே 1.1 மீட்டர்.

படத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “மூன்றாவது மாடிதானே மாமா, தண்ணீர் அங்கேயா ஏறப்போகிறது?” என்றார். போன மாதம் பத்திரப்பதிவு முடிந்தது. கார் நிறுத்தும் இடம் கீழ்த்தளத்தில்.