நகரச் செய்தித் தளத்தில் பங்களிப்பாளராக ஓராண்டு: ஒரு மதிப்புரை

ஒரு நகரத்தின் அன்றாடச் செய்திகளுக்கும் கலை நிகழ்வுகளுக்குமாக நடத்தப்படும் இணையதளம் ஒன்றில் ஓராண்டாகப் பங்களிப்பாளராக எழுதி வருகிறேன். இதுவரை பதினேழு முன்மொழிவுகளை அனுப்பினேன். அவற்றில் பதினொன்று ஏற்கப்பட்டுப் பிரசுரமாயின. அந்தத் தளத்தின் ஆசிரியர் குழுவோடு இன்றும் பணியாற்றி வருவதாலும், இங்கே சொல்லும் குறைகளை அவர்களிடமே எழுத்தில் தெரிவித்துவிட்டதாலும், அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட ஒரு தளத்துக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விண்ணப்பப் படிவம் சிறியது. முன்பு எழுதிய இரண்டு கட்டுரைகள், எந்தத் துறையில் எழுத விருப்பம், நகரின் எந்தப் பகுதியை நன்கு அறிவீர்கள் என்பவற்றோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: எழுத விரும்பும் துறையில் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ தொழில் தொடர்போ பண நலனோ உண்டா? தம் உறவினர் நடத்தும் கலைக்கூடத்தைப் பற்றிப் புகழ்ந்து எழுதுவதற்காகவே விண்ணப்பிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அதை வாசலிலேயே கேட்டுவிடும் ஒரு தளம் தன் வாசகரை மதிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

இந்த அமைப்பில் எனக்குக் கிடைத்த பெரும் பயன் சன்மானமோ பெயர் வெளிவருவதோ அல்ல. என் கட்டுரையை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் ஒரு துணையாசிரியர்தான். என் முதல் கட்டுரை சிறிய அரங்கம் ஒன்றில் நடந்த நாடகத்தைப் பற்றியது. ‘நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்திருந்தனர்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியின் ஓரத்தில் ‘எண்ணிப் பார்த்தீர்களா?’ என்று மட்டும் ஒரு குறிப்பு வந்தது. நான் எடுத்திருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலிகளாகப் பதினோரு வரிசைகள். பின்னால் இரண்டு வரிசைகள் முற்றிலும் காலி. நிரம்பியிருந்த ஒன்பது வரிசைகளில் 108 பேர். ‘நூறு பேருக்குச் சற்று மேல்’ என்று திருத்தி அனுப்பியபோது, அந்த இரண்டு காலி வரிசைகளையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்கச் சொன்னார்கள். வார நாளில் நடந்த நிகழ்ச்சி என்பதைப் படிப்பவர் அதிலிருந்தே புரிந்துகொள்வார் என்று காரணமும் சொன்னார்கள். அதன்பின் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலிகளை எண்ணிவிடுகிறேன்.

பங்களிப்பாளர்களை நம்பி நடக்கும் செய்தித் தளத்துக்கு இத்தகைய சரிபார்ப்பே உயிர். தென்கொரியாவில் 2000 பிப்ரவரி 22 அன்று ‘ஒவ்வொரு குடிமகனும் நிருபரே’ என்ற முழக்கத்தோடும் 727 குடிமக்கள் நிருபர்களோடும் தொடங்கப்பட்ட ஓமைநியூஸ் என்ற செய்தித் தளம், வந்ததையெல்லாம் அப்படியே ஏற்றிவிடவில்லை. சம்பளம் பெறும் ஆசிரியர்கள் படித்து, சரிபார்த்து, தேர்ந்தெடுத்த பிறகே வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் எதை வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதும் ஒன்றல்ல என்பதை நான் எழுதும் தளமும் உணர்ந்திருக்கிறது. ஒரு முறை ஓவியர் ஒருவரின் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய ஒரு மணி நேரத்துக்குள் திருத்தினார்கள். சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், முன்பு என்ன இருந்தது, எப்போது திருத்தப்பட்டது என்று கட்டுரையின் அடியில் குறிப்பும் போட்டார்கள். வருத்தமாக இருந்தாலும் அதுவே முறை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளம், இணையதளங்களை நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்குகிறது. அதில் பங்களிப்பாளர் என்ற நிலைக்குரியவர் எழுதலாம், ஆய்வுக்கு அனுப்பலாம். தாமே வெளியிட முடியாது, படங்களை ஏற்ற முடியாது, வெளியானபின் தம் கட்டுரையிலேயே ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், படங்களையும் அவற்றின் விளக்க வரிகளையும் தனியே மின்னஞ்சலில் அனுப்பப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்காது.

இனிக் குறைகள். ஐந்தாவது கட்டுரை மூன்று வாரம் மட்டுமே நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சியைப் பற்றியது. முதல் நாளே பார்த்து, இரண்டாம் நாள் அனுப்பினேன். அது ஆசிரியர் மேசையில் பத்தொன்பது நாள் கிடந்து, கண்காட்சி முடிவதற்கு முந்தைய மாலை வெளியானது. படித்துவிட்டுப் போய்ப் பார்க்க விரும்பியவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதைவிட வருத்தம் தந்தது தலைப்பு. ‘மங்கும் தெருப் பலகைகள்’ என்று நான் வைத்திருந்ததை, நகரமே மறந்துவிட்ட அதிர்ச்சி உண்மை என்ற பொருளில் என்னைக் கேட்காமலே மாற்றியிருந்தார்கள். கண்காட்சியில் அதிர்ச்சியும் இல்லை, மறதியும் இல்லை. கையால் எழுதப்பட்ட பழைய கடைப் பலகைகளை எட்டு ஆண்டுகளாகப் பொறுமையோடு படமெடுத்த ஒருவரின் உழைப்பு இருந்தது. அவர் என்னை அழைத்து, ‘நீங்களா இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. தலைப்பைத் தீர்மானிப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் தலைப்புக்குக் கீழே இருப்பது என் பெயர் என்பதால், வெளியிடும் முன் அதை ஒரு முறை காட்டுவது குறைந்தபட்ச மரியாதை. புகார் எழுதிய பிறகு எனக்கு அப்படிக் காட்டுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் காட்டுகிறார்களா என்பதைச் சேர்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சன்மானம் கட்டுரைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டது; வெளியான நாற்பத்தைந்து நாட்களுக்குள் வந்துவிடுகிறது. ஆசிரியர் குழுவே கேட்டு எழுதவைத்து, பிறகு வெளியிடாமல் விட்ட கட்டுரைக்குப் பாதித் தொகை என்ற விதியும் உண்டு. ‘உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும், அதுவே ஊதியம்’ என்று சொல்லும் இடங்களைவிட இது எவ்வளவோ மேல். 2005இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் செய்தித் தளமான ஹஃபிங்டன் போஸ்ட், ஊதியமில்லாமல் எழுதிய ஆயிரக்கணக்கானோரின் துணையோடு வளர்ந்து, 2011இல் ஏஓஎல் நிறுவனத்துக்கு 31.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. எழுதியவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கு அடுத்த ஆண்டே தள்ளுபடியானது. சம்பளமில்லை என்று தெரிந்தே எழுதினார்கள் என்பதால் அவர்களுக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. ஹஃபிங்டன் போஸ்டில் அவர்கள் எழுதிவந்த பங்களிப்பாளர் பகுதியும் 2018 ஜனவரியில் மூடப்பட்டது. ஆகவே கையெழுத்திடும் முன் தொகையையும் தவணையையும் எழுத்தில் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். எனக்கு வந்த படிவத்தில், கட்டுரையின் எல்லா உரிமைகளும் நிரந்தரமாகத் தளத்தைச் சேரும் என்று இருந்தது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதிய கணமே, எந்தப் பதிவும் இல்லாமல், பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அதை முழுவதுமாக எழுதிக்கொடுப்பது வேறு, வெளியிட அனுமதி தருவது வேறு. முதல் ஆறு மாதம் அவர்களுக்கு மட்டும், பிறகு நானும் தொகுத்து வெளியிடலாம் என்று மாற்றிக் கேட்டேன்; இரண்டே நாளில் ஒப்புக்கொண்டார்கள். கேட்டிருக்காவிட்டால் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் அந்தத் தளம் தானாகச் செய்வதில்லை: நகல் தருவது. நியூயார்க்கின் நகரச் செய்தித் தளங்களான டிஎன்ஏஇன்ஃபோவும் கோத்தமிஸ்டும் 2017 நவம்பர் 2 அன்று உரிமையாளரால் ஒரே மாலையில் மூடப்பட்டபோது, பழைய கட்டுரைகளின் முகவரிகளுக்குப் போனவர்கள் கண்டது மூடல் அறிவிப்புக் கடிதத்தைத்தான். சேமிப்பகம் பின்னர் திரும்பி வந்தது. ஆனால் எழுதியவர்கள் தம் ஆண்டுக்கணக்கான உழைப்பு தொலைந்ததோ என்று தவித்த நேரம் திரும்பி வராது. என் பதினொரு கட்டுரைகளையும் வெளியான நாளிலேயே பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் ஏற்றிவிட்டேன். பன்னிரண்டாவது, பழைய நூல்களுக்கு மறுகட்டு போடும் ஒருவரைப் பற்றியது, நேற்று மேசைக்குப் போயிருக்கிறது. ‘நாற்பது ஆண்டுகளாக’ என்று எழுதிய வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்துவிட்டது: எந்த ஆண்டிலிருந்து?